திரும்பி வரும் பாட்டில்



ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், மீதித் துண்டுகளை வீணாகாமல் சேர்த்தெடுக்கச் சொன்னார் நம் ஆண்டவர். அப்பத்தைப் பலுகச் செய்தவருக்கு மிச்சம் எதற்கு? வல்லமை இருந்தும் வீணாக்க அவருக்கு மனமில்லை. ஆனால் குனிந்து பொறுக்கிப் பன்னிரண்டு கூடைகளை நிரப்பியவர்கள் சீடர்கள்.

இன்று நம் வீட்டுக் கண்ணாடிப் பாட்டிலை நினைத்துப் பார்ப்போம். பழைய பேப்பர்காரரிடம் போட்டதும் கடமை முடிந்ததென்று நினைக்கிறோம். அது நொறுக்கப்பட்டு, உலையில் ஏறக்குறைய 1,500 டிகிரி வெப்பத்தில் உருகித்தான் மறுபடி பாட்டிலாகிறது. மணலும் சுண்ணாம்புக் கல்லும் மிச்சமாவது உண்மையே. ஆனால் உலையில் 10 விழுக்காடு உடைந்த கண்ணாடி சேர்த்தால், எரிபொருள் சுமார் 3 விழுக்காடுதான் குறைகிறது.

கழுவி மறுபடி நிரப்பினால் உலையே தேவையில்லை. கோலி சோடா பாட்டில் அப்படித்தான் நம் ஊர்களைச் சுற்றி வந்தது. அதற்கும் விலை உண்டு. பலமுறை தாங்க வேண்டுமென்பதால் பாட்டில் கனமாக இருக்கும்; கழுவ வெந்நீரும் காஸ்டிக் சோடாவும் வேண்டும். வெகுதூரம் லாரியில் சென்றுவந்தால், மிச்சம் பிடித்ததை டீசல் தின்றுவிடும். ஆகவே அருகிலேயே நிரப்பி, தவறாமல் திரும்பி வரும் பாட்டிலே நல்லது. திருப்பிக் கொடுப்பவர் இல்லையேல் எல்லாம் வீண்.

மலைகளில் எறியப்பட்ட மதுப் பாட்டில்களின் சில்லுகள் யானைகளின் கால்களைக் கிழித்தன. எனவே, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022-இல் நீலகிரியில் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. குடியை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 10 ரூபாய்க்காகக் குனிய முடிந்த மனிதர், அன்புக்காகக் குனிய மாட்டாரா?

நம் ஊறுகாய்ப் பாட்டிலுக்கு எவரும் 10 ரூபாய் தருவதில்லை. அங்கேதான் நம் மனம் வெளிப்படுகிறது. ஒரு பொருளை எறிந்துவிடாமல் நல்ல நோக்கத்தோடு மீண்டும் பயன்படுத்துவது அன்புச் செயலாகலாம் என்று, 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் நமக்குக் கற்பித்தார்.

இந்த வாரம் நாம் பாட்டில்களைக் கழுவி வைத்து மறுபடி பயன்படுத்துவோம். திருப்பி வாங்கும் கடைகளுக்குத் திருப்பிக் கொடுப்போம். உடைந்ததைத் தடித்த தாளில் சுற்றி, சொல்லிக் கொடுப்போம். தூய்மைப் பணியாளரின் கையும் கடவுள் படைத்த கைதானே!

மிச்சத்தையும் மதித்த ஆண்டவர் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.