மூன்று முறை வாசித்த மசோதா

"மசோதா இரண்டாம் வாசிப்புக்கு வந்தது" என்று பத்திரிகையில் அடிக்கடி ஒரு செய்தி வரும். நம்மில் பலர் அந்த வரியைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அது என்ன வாசிப்பு? சபையில் இருப்பவர்கள் எல்லாரும் படித்தவர்கள். அவர்களுக்கு இன்னொருவர் ஏன் வாசித்துக் காட்ட வேண்டும்? அதுவும் ஏன் மூன்று முறை? மாணவர்கள் இதைக் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விடை தேட நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் போய், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்துப் பார்லிமெண்டில் இரண்டு சபைகள் உண்டு. கீழ்ச்சபை, மக்கள் சபை. மேல்சபை, பிரபுக்கள் சபை. அந்தக் காலத்தில் மேல்சபையில் இருந்தவர்கள் பட்டம் பெற்ற நிலச்சுவான்தார்களும் பிஷப்புகளும்தான். தகப்பன் பிரபு என்றால் அவருக்குப் பின் மூத்த மகன் பிரபு. மக்கள் ஓட்டுப் போட்டு அவர்களை அனுப்பவில்லை. அந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் 1510ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன.

சட்டமாக வேண்டிய யோசனையைக் காகிதத்தில் எழுதிக் கொண்டு வருவார்கள். கையெழுத்துப் பிரதி என்பதால் ஆளுக்கொன்று கொடுக்க முடியாது. ஆகவே சபையின் எழுத்தர் எழுந்து நின்று உரக்க வாசிப்பார். காதால் கேட்டுத்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தடவை கேட்டால் போதுமா?

முன்னெல்லாம் ஊரிலிருந்து கடிதம் வந்தால் லயத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். முதல் தடவை வாசிக்கும்போது யார் சுகம், யார் காலமானார் என்பதுதான் காதில் விழும். இரண்டாம் தடவை வாசிக்கும்போது நிலத்தை ஒற்றி வைத்த சங்கதி தெரியும். மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் கடிதத்தில் எழுதாமல் விட்டது என்ன என்பது புரியும். மசோதாவும் அப்படித்தான்.

முதல் வாசிப்பில் இப்படி ஒரு யோசனை வந்திருக்கிறது என்பது தெரியும். பெரும்பாலும் அதோடு அன்றைய வேலை முடிந்துவிடும். இரண்டாம் வாசிப்பில்தான் இந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாக்குவாதம் நடக்கும். வேண்டும் என்று முடிவானால் சிலரைத் தேர்ந்தெடுத்துக் குழுவாக உட்காரவைத்து, மசோதாவை அவர்கள் கையில் கொடுப்பார்கள். அவர்கள் அதை வரி வரியாகப் பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டி, சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பார்கள். உண்மையான வேலை அங்கேதான் நடந்தது.

குழு திருத்திய பிறகு மசோதாவைக் காகிதத்திலிருந்து தோலுக்கு மாற்றுவார்கள். பதப்படுத்திய தோலில் நல்ல கையெழுத்தில் எழுதி, ஒரு துண்டோடு இன்னொரு துண்டைத் தைத்து, பாய் போலச் சுருட்டி வைப்பார்கள். அதன் பிறகுதான் மூன்றாம் வாசிப்பு. அந்த நேரத்தில் புதிதாக ஒரு விதி சேர்க்க வேண்டுமென்றால் தனித் தோல் துண்டில் எழுதி ஒட்டுப் போட வேண்டும். காகிதத்தில் அடிப்பது சுலபம், தோலில் அடிப்பது கஷ்டம். முதலிலேயே நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தோலே சொல்வது போலிருக்கிறது. சில சுருள்கள் நம்ப முடியாத நீளம். 1821ஆம் ஆண்டின் நிலவரிச் சட்டம் ஒன்று ஏறக்குறைய 348 மீட்டர். பால்மரக் காட்டில் நிரை நெடுக விரித்துப் போடலாம்!

ஓட்டெடுக்கும் முறையும் வேடிக்கையானது. "சம்மதம்", "சம்மதமில்லை" என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். பட்டத்தில் கடைசியாக இருப்பவர் முதலில் சொல்வார், பெரியவர்கள் பின்னால். இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பெரிய கிராணி முதலில் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர் மாற்றிப் பேசுவாரா? வர முடியாத பிரபு தம் ஓட்டை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தது. அது 1868இல்தான் நின்றது. கேட்காமலே ஓட்டுப் போடுவதென்றால் மூன்று முறை வாசித்து என்ன பயன்?

ஒரு சபையில் முடிந்த மசோதா மறு சபைக்குப் போய், அங்கேயும் மூன்று முறை வாசிக்கப்படும். கடைசியில் அரசரின் சம்மதம். அதைப் பழைய பிரெஞ்சு மொழியில்தான் சொல்வார்கள், இன்றும் அப்படித்தான். சம்மதம் என்றால் "அரசர் அதை விரும்புகிறார்" என்று பொருள்படும் சொற்கள். மறுப்பு என்றால் "அரசர் யோசித்துப் பார்ப்பார்." தோட்டத்தில் துரை "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1708இல் ஆன் ராணி ஒரு மசோதாவை இப்படி மறுத்ததுதான் கடைசி.

உரக்க வாசிப்பது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தையல்ல. உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் சபைக்கு ஆள் எடுக்கும்போது, ஒரு சிறுவன் குடத்திலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். நடுவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள் என்பது சீட்டாட்டம் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் பல படிகள் ஏறி வரும் சட்டம் எப்போதும் ஏழைக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. நம் முன்னோர் வாழ்வைத் தொட்ட ஒரு கதை இதில் உண்டு.

ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி விற்கும் அடிமை வியாபாரத்தை நிறுத்த வில்பர்ஃபோர்ஸ் என்பவர் கீழ்ச்சபையில் போராடினார். 1792இல் அந்த வியாபாரத்தைப் படிப்படியாக நிறுத்தலாம் என்று 230க்கு 85 என்ற கணக்கில் கீழ்ச்சபை முடிவு செய்தது. மேல்சபைக்குப் போனது. பிரபுக்கள் மாட்டோம் என்று சொல்லவில்லை. "சாட்சிகளை நாங்களே நேரில் கேட்க வேண்டும்" என்றார்கள். கேட்கத் தொடங்கினார்கள், ஒத்திவைத்தார்கள், மறுபடி ஒத்திவைத்தார்கள். பிரான்சோடு யுத்தம் வேறு வந்தது. கரும்புத் தோட்டங்களால் லாபம் கண்டவர்களுக்கு அந்தத் தாமதம் இனித்தது. கப்பல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன.

1807இல் பிரதம மந்திரி கிரென்வில் பிரபு ஒரு தந்திரம் செய்தார். எந்தச் சபை முட்டுக்கட்டை போட்டதோ அந்த மேல்சபையிலேயே மசோதாவை முதலில் கொண்டு வந்தார். அங்கே தேறியதும் கீழ்ச்சபை 283க்கு 16 என்று வரவேற்றது. மார்ச் 25ஆம் தேதி அரசரின் சம்மதம் கிடைத்தது. வழி அதே வழிதான், நுழைந்த வாசல் மட்டும் வேறு.

வியாபாரம் நின்றதே தவிர அடிமைத்தனம் நிற்கவில்லை. அதற்கான சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் முதல் தேதி அமலுக்கு வந்தது. நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். அது அடிமைகளுக்கல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு! மூன்று முறை வாசித்தும் இது யார் காதிலும் உறுத்தவில்லை போலும். அடிமைகள் போன பிறகு தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், பிறகு மலாயாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பலேறினார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது.

அவசர முடிவுக்கும் ஒரு கதை உண்டு. சிங்கப்பூரில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புக்கிட் மேரா, அதாவது செம்மலை, அந்தப் பெயர் பெற்ற கதை. கூர்மூக்கு மீன்கள் கரைக்குப் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். அரசன் ஆட்களின் கால்களையே வேலியாக நிறுத்தினான். இன்னும் பலர் செத்தார்கள். ஒரு சிறுவன், வாழைத்தண்டை நட்டு வையுங்கள் என்றான். மீன்களின் மூக்கு தண்டில் சிக்கிக்கொண்டது. இத்தனை புத்திசாலிப் பையன் வளர்ந்தால் ஆபத்து என்று பிரதானிகள் அரசனின் காதில் ஓத, அவனைக் கொன்றுவிட்டார்கள். அவன் ரத்தத்தால் மண் சிவந்ததாம். இது கதைதான், சரித்திரமல்ல. ஆனாலும் அந்த யோசனையை இரண்டாம் முறை வாசிக்க அங்கே ஓர் எழுத்தர் இல்லாமல் போனாரே என்று எனக்குத் தோன்றும்.

சிங்கப்பூர், 1867இல் இந்திய அரசாங்கத்தின் பிடியிலிருந்து லண்டனின் நேர்ப் பார்வைக்கு மாறியபோது, அங்கே ஒரு சட்டசபையும் வந்தது. மூன்று வாசிப்பு வழக்கமும் கூடவே வந்தது. அதிகாரிகளும் நியமனம் பெற்ற வியாபாரிகளும் உட்கார்ந்த சபை அது. இந்தியக் கூலிகளைப் பற்றிய 1884ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே வாசிக்கப்பட்டதுதான். வாசித்தது யாரைப் பற்றியோ அவர்கள் அந்த நேரம் வெட்டுக்கத்தியோடு காட்டில் நின்றிருந்தார்கள்.

இன்று சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் மேல்சபை கிடையாது. மூன்று வாசிப்பு மட்டும் உண்டு. உறுப்பினர்கள் தமிழிலும் பேசலாம். நிறைவேறிய மசோதாவில் ஏதேனும் ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ பாதகம் இருக்கிறதா என்று பார்க்க, 1970இல் ஏற்படுத்திய ஒரு மன்றம் இருக்கிறது. 1973 முதல் அதற்குச் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் என்று பெயர். பண மசோதாக்களும் அவசர மசோதாக்களும் அதன் பார்வைக்குப் போவதில்லை. மலேசியாவிலோ மேல்சபை இருக்கிறது, டேவான் நெகாரா. சாதாரண மசோதாவை அது ஓராண்டு வரை தாமதப்படுத்தலாம், பண மசோதாவை ஒரு மாதம்தான்.

ஆகவே பத்திரிகையில் "முதல் வாசிப்பு" என்று கண்டால் மசோதா இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது என்று பொருள். உறுப்பினரைப் பார்க்க, மனு எழுத, சங்கத்தில் பேச இன்னும் நேரம் இருக்கிறது. "தெரிவுக் குழு" என்று கண்டால், பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறார்களா, எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும் என்று அதே செய்தியில் தேடிப் பாருங்கள். "மூன்றாம் வாசிப்பு" என்று இருந்தால் எழுத்து ஏறக்குறையத் தோலில் ஏறிவிட்டது.