முதலில் கணக்கைக் காட்டுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைக் 'கல்லூரி நினைவுகள்' பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். விடுதிச் சாம்பாரை இதற்கு மேலும் அவமானப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. ஆகவே வேறு ஒரு விஷயம் பேசுகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற பல வீடுகளில் பேசப்படாமல் இருக்கிற விஷயம் அது.

நான் 1975 முதல் 78 வரை இங்கே வணிகவியல் படித்தேன். அதன் பிறகு வங்கி வேலை. 2017இல் ஓய்வு பெற்று தர்மபுரிக்கே வந்துவிட்டேன். அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது ஒரு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். பென்னாகரம், அரூர், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். கடிதம் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஒரு வசூல் ஏஜென்சி அனுப்பியது. ஆங்கிலத்தில் இருக்கும். 'இறுதி எச்சரிக்கை' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. ஏழு நாளில் இத்தனை லட்சம் கட்டாவிட்டால் நடவடிக்கை என்று முடியும். அந்த இத்தனை லட்சம் எப்படி வந்தது என்று மட்டும் ஒரு வரி இருக்காது.

2019இல் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். "கோர்ட்டுல இருந்து வந்திருக்குதுங்க சார். பையன் பெங்களூர்ல இருக்கான், அவனுக்கு இன்னும் சொல்லல. தக்காளி வெக்கிற ஒரு ஏக்கராவ வித்துக் கட்டிப்புடலாம்னு பாக்கறேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். அது கோர்ட்டிலிருந்து வரவில்லை, ஏஜென்சியிலிருந்து வந்தது. மகனின் கல்விக் கடன். கேட்டிருந்த தொகை மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். வாங்கியது எவ்வளவு என்று கேட்டேன். வருஷம் நாற்பதாயிரமாக, 2011 முதல் நான்கு தவணையில் ஒரு லட்சத்து அறுபதாயிரம். "கட்டவே இல்லையா?" என்றதும் மஞ்சள் பையிலிருந்து ஒன்பது சலான் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றும் மூவாயிரத்து ஐந்நூறு.

நான் அவரிடம் சொன்னது இரண்டே விஷயம்தான். நிலத்தை விற்கிற பேச்சை இப்போதைக்கு விடுங்கள். யார் வந்து கேட்டாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடன் வாங்கியது உண்மை. அதை மறுக்கச் சொல்பவன் நான் அல்ல. நாற்பது வருஷம் வங்கியில் சம்பளம் வாங்கியவன் அப்படிச் சொன்னால் நன்றாகவும் இருக்காது. ஆனால் கடன் உண்டு என்று சொல்வது வேறு, அவர்கள் சொல்லும் தொகை சரி என்று சொல்வது வேறு. நம் ஜனங்கள் மானத்துக்குப் பயந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பையன் ஊருக்கு வந்ததும் ஒரு கடிதம் எழுதினோம். ஒரு பக்கம்தான், தமிழிலேயே எழுதினோம். எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன வட்டி விகிதம், எந்தெந்தத் தேதியில் எவ்வளவு வரவு வைத்தீர்கள், இந்தக் கடனை வசூலிக்க வங்கி உங்களுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம் எங்கே, இவற்றின் நகல் வேண்டும். கடைசியில் ஒரு வாக்கியம்: 'தங்கள் கடிதத்தில் கண்ட தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, கணக்கு விவரம் கிடைத்த பின் பதில் தருகிறேன்.' ஏஜென்சிக்கு ஒன்று, வங்கிக் கிளைக்கு ஒன்று. இரண்டும் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில். (2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பரவாயில்லை, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி அதிலும் வாங்கலாம்.)

ஏஜென்சியிலிருந்து பதில் வரவில்லை, போன்தான் வந்தது. "லெட்டர் எல்லாம் எதுக்கு சார், முதல்ல ஒரு ஐயாயிரம் கட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்கள். பையன், "அதையே எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். வங்கிக் கிளையிலிருந்து கணக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. அதில் அந்த ஒன்பது சலானும் இல்லை. முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய் வேறு ஏதோ கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை வட்டி மானியம். பெற்றோர் வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருஷத்துக்கும் உண்டான வட்டியை மத்திய அரசே ஏற்கும் என்ற திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து வந்தது. கிளைதான் அதைக் கேட்டு வாங்கி வரவு வைக்கவேண்டும். இவர் வருமானச் சான்று கொடுத்திருக்கிறார். கிளை ஒரு வருஷம் கேட்டிருக்கிறது, மறு வருஷம் விட்டிருக்கிறது. கேட்டு வந்த பணமும் கணக்கில் ஏறவில்லை. எழுபதாயிரம் வரவேண்டிய மானியத்தில், நான்கு கடிதத்துக்குப் பிறகு நாற்பத்திரண்டாயிரம் ஏறியது. மீதிக்குக் காலம் கடந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். அது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

எல்லாம் திருத்திப் போட்டபோது பாக்கி இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம். அதற்கு மாதத் தவணை போட்டுக்கொண்டு 2022இல் கட்டி முடித்தான். அந்த ஒரு ஏக்கரா அவர்களிடமே இருக்கிறது.

'முதல்ல ஒரு ஐயாயிரம் கட்டுங்க' என்றார்கள் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் புரோநோட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் மூன்று வருஷம் முடிவதற்குள் வந்து, "ஒரு நூறு ரூபாயாச்சும் குடுப்பா" என்று வாங்கி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். நம் தாத்தாக்களுக்கு இது ஏன் என்று தெரியும். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான். அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்குக் கையெழுத்தோடு அத்தாட்சி இருந்தாலோ, மறுபடி முதலிலிருந்து மூன்று வருஷம் ஓடத் தொடங்கும். காலம் கடந்த கடனைக்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவு அதைப் புது ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளும். பாலக்கோட்டுப் பையன் கடனுக்குக் காலம் கடக்கவில்லை, ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பழைய கடன் வைத்திருப்பவர்கள் மட்டும், ஏஜென்சி ஆள் நீட்டும் 'சும்மா ஒரு படிவத்தில்' கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

லோக் அதாலத் நோட்டீஸ் இன்னொரு பூச்சாண்டி. அரசு முத்திரை, தேதி, நேரம், நீதிமன்ற வளாகம் என்று இருப்பதால் சம்மன் என்று நினைத்து நடுங்குகிறார்கள். அது சமரசத்துக்கு அழைப்பு. போவது நல்லது, வங்கி அதிகாரியை நேருக்கு நேர் பார்க்கலாம், தள்ளுபடியும் சில நேரம் கிடைக்கும். ஆனால் சலானையும் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தொகை சரியில்லை என்றால் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டு வரலாம். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

போலீஸ் வரும், கைது செய்வோம் என்று போனில் சொல்வார்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் வழக்கு. ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் 138ஆம் பிரிவின்படி அது குற்ற வழக்காகும். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடவேண்டும். அதனால்தான் வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

அடியாள் வைத்து வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இல், ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் கண்டித்தது. 2008இல் ரிசர்வ் வங்கி, வசூல் ஏஜெண்டுகளுக்குப் பயிற்சியும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வேண்டும் என்று விதி போட்டது. 2022 ஆகஸ்டில், காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது, நண்பர்களையும் உறவினர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது என்றது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றமும் வசூலில் நடக்கும் வற்புறுத்தலைத் தடுக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது. இத்தனை இருந்தும் மாமனார் வீட்டுக்குப் போன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாள், நேரம், எண், பேசியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள்.

கடிதம் அனுப்புவது யார் என்பதையும் பாருங்கள். சிலர் வங்கியின் ஏஜெண்டு. சிலர் கடனையே விலைக்கு வாங்கியவர்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. ஸ்டேட் வங்கியின் வாராக் கல்விக் கடன்களில் ஒரு பகுதி ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2016 ஜூலையில் கல்விக் கடன் நெருக்கடியில் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை விட்டதையும் பத்திரிகையில் படித்தோம். பெற்றோர்களே, பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் முதலில் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சலானைத் தேடுங்கள். மாணவர்களே, நீங்களும் வீட்டில் மறைக்காதீர்கள்.

முடிக்கச் சொல்லிச் செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று. கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 2017 முதல் வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். அதில் 'முடிந்தது' என்று இருக்கிறதா, 'சமரசம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இருந்தால் அடுத்த கடன் கேட்கும்போது வங்கியில் முகம் சுளிப்பார்கள். தவறு இருந்தால் எழுதிக் கொடுங்கள். முப்பது நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. பாலக்கோட்டுப் பையனுக்குக் கட்டி முடித்து எட்டு மாதம் ஆகியும் பாக்கி என்றே காட்டியது. அதற்கும் ஒரு கடிதம் எழுதினோம்.

யாரிடமாவது அப்படிப்பட்ட கடிதம் இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் இருப்பேன். கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன். சலான்களையும் எடுத்து வாருங்கள்.