நடக்காததற்கு ஓர் இறந்தகாலம்



"எனக்கு ஆங்கிலம் தெரிந்தால் நன்றாக இருக்குமே!" இந்த ஏக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லப் போனால், "ஐ விஷ் ஐ நோ இங்கிலீஷ்" என்று பலர் நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறார்கள். அங்கே வரவேண்டியது 'நியூ' என்ற இறந்தகாலம். இன்றைய நிலையைப் பேச இறந்தகாலம் எதற்கு? "விஷ் வந்தால் பாஸ்ட் டென்ஸ், மனப்பாடம் செய்" என்பதோடு பல வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. விடை நம் பேச்சிலேயே இருக்கிறது.

'தெரிந்தது' என்பதில் உள்ள இறந்தகால அடியோடுதான் 'ஆல்' சேர்ந்து 'தெரிந்தால்' ஆகிறது. வந்தால், படித்தால், பெய்தால் எல்லாமே அப்படித்தான். நாளைய மழையைக்கூட 'பெய்தால்' என்றே சொல்கிறோம். அந்த வடிவம் அங்கே காலத்தைக் காட்டவில்லை. நடப்பிலிருந்து விலகி மனத்தில் நினைத்துப் பார்ப்பதைக் காட்டுகிறது. ஆங்கில 'நியூ'வும் இங்கே அதே வேலையைத்தான் செய்கிறது.

போனதை எண்ணி வருந்தும்போது நாம் நடுவில் 'இரு' சேர்த்து, 'படித்திருந்தால்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹேட்' சேரும்: "ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்." அவ்வளவுதான்.

குறைசொல்லும்போதுதான் 'வுட்' வருகிறது. "ஐ விஷ் ஹீ வுட் லிசன்." அவனால் கேட்க முடியும், ஆனால் கேட்கமாட்டேன் என்கிறானே என்ற எரிச்சல் அதில் இருக்கிறது. விடாமல் பெய்யும் மழையையும் நாம் 'நிற்கமாட்டேன் என்கிறது' என்போம். ஆங்கிலம் பேசுபவர்களும் "ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெயினிங்" என்பார்கள். பிறருடைய பிடிவாதத்தைக் குறிப்பதால்தான் பொதுவாக "ஐ விஷ் ஐ வுட்" என்று யாரும் சொல்வதில்லை. தன்னால் முடியவில்லையே என்பதற்கு 'குட்' இருக்கிறது: "ஐ விஷ் ஐ குட் ஸ்விம்."

இந்த 'வுட்'டை அலுவலகத்தில் கவனமாகப் பயன்படுத்துங்கள். மேலதிகாரியிடம் "ஐ விஷ் யூ வுட் ரிப்ளை" என்றால், நீங்கள் பணிவாகக் கேட்டதாக நினைத்தாலும் அவர் காதில் சலிப்பாகவே விழும். "குட் யூ ப்ளீஸ் ரிப்ளை" என்று கேளுங்கள்.

வேலைக்கான விண்ணப்பத்தின் முடிவில் "ஐ விஷ் யூ வில் செலக்ட் மீ" என்று எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நடக்கும் என்று நம்பிக் காத்திருப்பதற்கு 'விஷ்' பொருந்தாது. அங்கே 'ஐ ஹோப்' என்று எழுதுங்கள்.