செவிக்கு எழுதிய கடிதங்கள்



எழுதிய சொல் ஏட்டில் தங்கும். பேசிய சொல் காற்றில் கரையும். இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறிந்த உண்மை இது. அவ்வாறு கரைந்துபோகும் சொல்லுக்காகவே ஒரு மனிதர் 58 ஆண்டுகள் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்தார். வாரத்துக்கு ஒன்றாக 2,869 உரைகளை எழுதினார். எழுதியவற்றைத் தம் குரலாலேயே படித்தார். அவர் பெயர் அலிஸ்டர் குக். அவருடைய வானொலி நிகழ்ச்சியின் பெயர் 'அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்'. ஒரே மனிதர் வழங்கிய பேச்சு நிகழ்ச்சிகளில் இத்தனை நீண்ட காலம் நிலைத்தது உலக வானொலி வரலாற்றில் வேறில்லை என்பர்.

குக் 1908ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆல்ஃபிரட். தந்தையார் உலோக வேலை செய்தவர்; மெதடிஸ்ட் திருச்சபையில் ஊழியம் பெறாத போதகராகவும் இருந்தவர். குடும்பம் பின்னர் பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊரில் குடியேறியது. முதல் உலகப் போரின்போது அவ்வூரில், அவர்கள் வீட்டிலேயே, அமெரிக்கப் போர்வீரர்கள் தங்கினர். ஒரு சிறுவனின் மனத்தில் அமெரிக்கா என்னும் நாடு நிலப்படமாக அன்றி மனிதர்களாக வந்து நுழைந்தது அப்போதுதான். கேம்பிரிட்ஜில் ஜீசஸ் கல்லூரியில் இலக்கியம் பயின்ற நாள்களில் நாடகக் குழு ஒன்றைத் தோற்றுவித்தார். அலிஸ்டர் என்னும் பெயரையும் அப்போதே தாமாகச் சூட்டிக்கொண்டார்.

1932இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். யேல், ஹார்வர்டு ஆகிய பல்கலைக்கழகங்களில் பயின்றார். நாடகக்கலையில் புகழ்பெற வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆயினும் கோடை விடுமுறையில் அந்நாட்டைக் காரில் குறுக்கே கடந்த பயணம் அவர் நோக்கத்தை மாற்றிவிட்டது. மேடையில் நடிக்கப்படும் நாடகத்தைவிடத் தெருவில் நடக்கும் நாடகமே பெரிது என்று கண்டார். ஹார்வர்டில் அமெரிக்க ஆங்கிலத்தின் வரலாற்றைக் கற்றதும் இங்கே குறிப்பிடத்தக்கது. பேச்சுமொழியை அவர் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். பிற்காலத்தில் அவர் கைக்கொண்ட கலையின் வேர் அங்கே இருக்கிறது.

1934இல் பி.பி.சி.யின் திரைப்படத் திறனாய்வாளராக இலண்டன் திரும்பினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்துக்காக 'இலண்டன் கடிதம்' என்னும் வாராந்தர உரையைத் தொடங்கினார். பிரித்தானிய வாழ்வை அமெரிக்கர்க்குச் சொல்லும் பணி அது. 1937இல் அமெரிக்காவில் நிலையாகக் குடியேறிய பின், திசை மாறியது. அமெரிக்க வாழ்வைப் பிரித்தானியர்க்குச் சொல்லலானார். 1941இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இங்கிலாந்துக்காரர் செவியில் அவர் குரல் அமெரிக்கக் குரலாகவும், அமெரிக்கர் செவியில் இங்கிலாந்துக் குரலாகவும் ஒலித்தது. இரு கரைக்கும் சற்றே அயலாராக இருந்தமையே அவரை இரு கரைக்கும் உரிய தூதராக்கியது எனலாம்.

1946ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் முதல் உரை ஒலிபரப்பாயிற்று. அப்போது அதன் பெயர் 'அமெரிக்கக் கடிதம்'. 1950இல்தான் இன்று அறியப்படும் பெயர் அமைந்தது. தொடக்கத்தில் அதற்கு அளிக்கப்பட்ட ஆயுள் 13 வாரங்கள் மட்டுமே. போர் முடிந்தும் இங்கிலாந்தில் பங்கீட்டு முறை முடியவில்லை. உணவும் துணியும் அளந்து பெற்ற மக்கள், வளம் கொழிக்கும் நாடொன்றைப் பற்றிய பேச்சைக் கேட்கப் போகிறார்கள். அது பெருமைப் பேச்சாக இருந்தால் புண்படுத்தும். பரப்புரையாக இருந்தால் சலிப்பூட்டும். குக் இரண்டையும் தவிர்த்தார். தூரத்து ஊரில் வாழும் உறவினர் ஒருவர், தம் தெருவில் கண்டதை எழுதுவதுபோலப் பேசினார். 13 வாரங்கள் என்று தொடங்கியது 2004 வரை நீண்டது.

இந்த நீட்சிக்குக் காரணம் என்ன? அவர் செய்தியாளராகவும் பணியாற்றியவர். 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழின் அமெரிக்கத் தலைமைச் செய்தியாளராக 1948 முதல் 1972 வரை எழுதினார். ஆயினும் செய்தித்தாளுக்கு எழுதிய நடை வேறு. வானொலிக்கு எழுதிய நடை வேறு. கண்ணால் படிப்பவர் புரியாத வரியை மீண்டும் படிக்கலாம். செவியால் கேட்பவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அப்போதே பொருள் தந்தாக வேண்டும். ஆகவே அவர் எழுத்தைப் பேச்சாக்கும் ஓர் உத்தியைப் பல்லாண்டு உழைத்துப் பழகிக்கொண்டார். மூச்சின் அளவே வாக்கியத்தின் அளவு. பண்புப் பெயர்களுக்கு மாற்றாக, காணக்கூடிய பொருள்கள். கருத்தை முன்வைத்து எடுத்துக்காட்டைப் பின்வைக்கும் கட்டுரை முறைக்கு மாறாக, முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. கருத்து அதிலிருந்து தானே முளைக்கும்.

இலையுதிர் காலத்து வெர்மாண்ட் மரங்களில் தொடங்குவார், தேர்தலில் முடிப்பார். கோல்ஃப் ஆட்டத்தில் தொடங்கிய பேச்சு உச்சநீதிமன்றத்தின் படிகளில் போய் நிற்கும். வழிதவறிவிட்டாரோ என்று கேட்பவர் ஐயுறும் வேளையில், எல்லா நூல்களும் ஒரே முடிச்சில் வந்து சேரும். மனம்போன போக்கில் பேசுகிறார் என்றே பலரும் நம்பினர். உண்மையில் ஒவ்வொரு சொல்லும் முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டது. எளிமையாக ஒலிப்பதற்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைக் கவியரங்கில் நின்று பாடிய கவிஞர்கள் நன்கு அறிவர். தாளில் மின்னிய வரி மேடையில் மங்கிப்போவதும், தாளில் எளியதாகக் கிடந்த வரி அவையை அசைத்துவிடுவதும் அவர்கள் கண்ட காட்சிகளே.

இக்கலையின் வலிமை ஓர் இரவில் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. 1968 ஜூன் தொடக்கத்தில் கலிஃபோர்னிய முதனிலைத் தேர்தலைக் காணக் குக் லாஸ் ஏஞ்சலீஸ் சென்றிருந்தார். அம்பாசடர் விடுதியில் இராபர்ட் கென்னடி வெற்றியுரை ஆற்றிவிட்டுச் சமையற்கூட வழியே வெளியேறியபோது சுடப்பட்டார். குக் அருகிருந்த அறையில் இருந்தார். நொடிகளில் அந்தக் குழப்பத்தின் நடுவே நின்றார். அடுத்து வந்த கடிதத்தில் அவர் அரசியல் விளக்கம் ஏதும் சொல்லித் தொடங்கவில்லை. தம் கண்கள் கண்டதை, கண்ட வரிசையிலேயே சொன்னார். தரையில் கிடந்த மனிதரையும் சுற்றிலும் எழுந்த ஓலத்தையும் சொன்னார். சமுதாயம் முழுவதுமே குற்றவாளி என்று அந்நாளில் பலரும் முழங்கினர். குக் அதனை ஏற்க மறுத்தார். பெருஞ்சொற்கள் எளிதில் கிடைக்கும் நேரத்தில் அவற்றை எடுத்தாளாமல் விடுவதும் சொல்லாளுகையே என்பதற்கு அவ்வுரை சான்றாக நிற்கிறது.

அவர்மீது குறை சொன்னவர்களும் உண்டு. நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில், சென்ட்ரல் பூங்காவை நோக்கிய மாடி வீட்டுச் சாளரத்திலிருந்து கண்ட அமெரிக்காவே அவருடைய அமெரிக்கா என்றனர். வறியோரின் சினமும் கறுப்பின மக்களின் போராட்டமும் அவர் உரைகளில் போதிய ஆழத்துடன் இடம்பெறவில்லை என்றனர். இக்கூற்றை முற்றாக ஒதுக்குவதற்கில்லை. இனிய குரலுக்கு ஓர் ஆபத்து உண்டு. கசப்பானதையும் அது இனிதாக்கிவிடும். சாளரத்தின் வழியே பார்ப்பவர் தெருவைக் காண்பார். தெருவில் நிற்பவரின் கால் வலியை உணரமாட்டார். குக்கைப் போற்றுவோரும் இதனை நினைவில் கொள்வது நன்று.

தொலைக்காட்சியும் அவருக்குப் புகழ் தந்தது. 1972இல் வெளிவரத் தொடங்கிய அமெரிக்க வரலாற்றுத் தொடர் 13 பகுதிகளாக அமைந்தது. 1971 முதல் 1992 வரை 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' நிகழ்ச்சியை அமெரிக்கத் தொலைக்காட்சியில் அறிமுகம் செய்தார். 1973இல் பிரித்தானிய அரசு வீரத்திருத்தகைப் பட்டம் அளித்தது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்டமையால் அது மதிப்புறு பட்டமாக மட்டுமே அமைந்தது, 'சர்' என்னும் அடைமொழியைச் சூடிக்கொள்ள இடமில்லை. இத்தனைக்கும் நடுவே வானொலிக் கடிதத்தை அவர் கைவிடவில்லை. 58 ஆண்டுகளில் அவர் தவறவிட்ட வாரங்கள் மூன்றே என்பர். முதுமையில் உடல் தளர்ந்தபோது ஒலிப்பதிவுக் கருவிகள் அவர் வீடு தேடி வந்தன.

2004 பிப்ரவரி 20ஆம் நாள் இறுதிக் கடிதம் ஒலித்தது. மார்ச் 2ஆம் நாள், மருத்துவர் அறிவுரைப்படி ஓய்வு பெறுவதாக அறிவிப்பு வந்தது. அதே மார்ச் 30ஆம் நாள், 95ஆம் வயதில், அவர் மறைந்தார். கடிதம் நின்றது, ஆறு வாரங்களுக்குள் மூச்சும் நின்றது.

இனி, தொடக்கத்தில் கூறிய செய்திக்குத் திரும்பலாம். பேசிய சொல் காற்றில் கரையும் என்பது குக்கின் உரைகளுக்கும் நேர்ந்தது. தட்டச்சுப் படிகள் எஞ்சின. ஆனால் பழைய ஒலிப்பதிவுகள் பலவற்றை நிறுவனம் பாதுகாக்கவில்லை. வாராவாரம் வருவதுதானே என்று எண்ணியிருப்பர். 2012இல் பி.பி.சி. தன்னிடம் இருந்த 900க்கும் மேற்பட்ட உரைகளை இணையத்தில் வைத்தபோது, இல்லாதவை எத்தனை என்பது வெளிப்பட்டது. அதன் பின்னர் ஓர் வியப்பு நிகழ்ந்தது. இங்கிலாந்தின் இருவேறு பகுதிகளில் வாழ்ந்த இரு நேயர்கள், யாரும் கேட்காமலேயே, பல ஆண்டுகளாகத் தம் வீட்டு வானொலியிலிருந்து அவ்வுரைகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தனர். அவர்கள் காத்த நாடாக்களிலிருந்து 600க்கும் மேற்பட்ட உரைகள் மீண்டன.

யாருக்கென்று பெயர் குறிக்காமல் எழுதப்பட்ட கடிதத்தைத் தமக்கே வந்ததாகக் கொண்டு பெட்டியில் வைத்துக் காத்தனர் அந்த இருவர். பேச்சைப் பேசியவர் காக்க இயலவில்லை, ஒலிபரப்பிய நிறுவனம் காக்கவில்லை, கேட்டவர் காத்தார். பேச்சுக்கு ஆயுள் தருவது கேட்கும் செவிதான்.

பத்து ஆண்டுகளாகக் கூடிப் பேசிவரும் ஓர் இலக்கிய வட்டத்திலும் எத்தனையோ கவிதைகள் படிக்கப்பட்டிருக்கும். எத்தனையோ உரைகள் ஒலித்திருக்கும். அவற்றுள் தாளேறாமல் போனவை மிகுதி. அவற்றையெல்லாம் ஒரு மலரில் அடக்கிவிட முடியாது. ஆயினும் யாரோ ஓர் உறுப்பினரின் குறிப்பேட்டில், தாம் கேட்ட நல்ல வரி ஒன்று, பாடியவருக்கே தெரியாமல் எழுதி வைக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய குறிப்பேடுகளைத் தேடி எடுப்பது அடுத்த பத்தாண்டின் முதற்பணியாக அமையட்டும்.