குழந்தைகளின் மாறுகண்
(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



விளையாடிக் களைத்து வீடு திரும்பும் குழந்தையின் ஒரு கண் சற்று விலகி நிற்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் நேராகிவிடுகிறது. "எப்போதாவதுதானே! வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெற்றோர் இருந்துவிடுகின்றனர். மாறுகண் அதிர்ஷ்டம் என்று மகிழ்வோரும் உளர். இரண்டும் தவறாகும்.

பிறந்த சில மாதங்கள் வரை கண்கள் இடையிடையே விலகுவது இயல்பே. நான்கு மாதங்களுக்குப் பின்னும் விலகுமாயின், கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. மூளையிலிருந்து வரும் 3 நரம்புகள் அவற்றை இயக்குகின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகளை ஓட்டுவதுபோல, மூளை இரு கண்களையும் ஒரே திசையில் செலுத்துகிறது. களைப்பிலும் காய்ச்சலிலும் அப்பிடி தளரும்போது கண் விலகுகிறது. வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மூளையில் நோய் இருப்பதில்லை. எனினும், குறைமாதத்தில் பிறந்தோருக்கும் மூளைவாதம் உள்ளோருக்கும் மாறுகண் மிகுதி. நேராக இருந்த கண் திடீரெனத் திரும்பி, அத்துடன் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், இமை தொங்குதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றுள் எதுவேனும் காணப்பட்டால், அது மூளைக்கட்டி அல்லது தலையில் நீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்மணியில் வெண்மை தோன்றினாலும் தாமதம் கூடாது. அது கண்ணில் தோன்றிய புற்றுநோயாக இருக்கக்கூடும்.

ஏனைய குழந்தைகளுக்கும் ஓர் அபாயம் உண்டு. விலகும் கண் காட்டும் காட்சியை மூளை ஒதுக்கத் தொடங்கினால், அக்கண்ணின் பார்வை மங்கிவிடும். மூக்குக்கண்ணாடி, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்தல், அறுவை சிகிச்சை ஆகியவற்றுள் தக்கதை மருத்துவர் கூறுவார். ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பயன் மிகுதி.

2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். அவர்கள் வரும் நாளில் கண் நேராக நிற்கக்கூடும்! ஆகவே, கண் விலகும் வேளையில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்து, அவர்களிடம் காட்டுங்கள். எந்த வேளையில், எவ்வளவு நேரம் விலகுகிறது என்பதையும் கூறுங்கள். மருத்துவர் காணாததைக் கண்டவர் தாயே.

குழு வரும் நாளை ஒவ்வொரு வீட்டிற்கும் முன்னதாகவே அறிவிப்பதை உறுப்பினர்கள் தம் பொறுப்பாக ஏற்க வேண்டுகிறேன்.