எண்ணூரும் இளைஞரும்



சென்னை என்றவுடன் பலருக்கு மெரினாக் கடற்கரையே நினைவுக்கு வரும். யான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அதற்கு வடக்கே உள்ள கரைக்கு. இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீண்டு செல்லும் கரை அது. தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூரில் கடலோரமாகவே இருக்கிறது. அதற்கும் வடக்கே, கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்களும், துறைமுகங்களும், ஆலைகளும், அவற்றினிடையே மீனவர் குப்பங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. இப்பகுதியில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்து தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் யான். மாணவர்க்கு யான் கற்பித்தவை பல. மாணவரிடம் யான் கற்ற ஒன்றே இன்றைய பேச்சின் பொருள்.

2017ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், பொழுது புலருமுன், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுப்புறத்திற்குத் தீங்கில்லை என்றே முதற்செய்தி வந்தது. ஆனால் கடல் பொய் சொல்லவில்லை. ஓரிரு நாளில் எர்ணாவூர்ப் பாறைகளின் மேல் கருநிறக் கூழ் போன்று எண்ணெய் வந்து படிந்தது. தெற்கே மெரினா வரையிலும் அது பரவிற்று. கழிவுநீரை உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தனர். எண்ணெயோ மணலும் நீரும் கலந்து தடித்துவிட்டமையால் குழாய்களில் ஏறவில்லை. எனவே வாளிகளைக் கொண்டு கையால் அள்ள வேண்டியதாயிற்று. கடலோரக் காவற்படையினர், கூலியாட்கள், மீனவர் ஆகியோருடன் கல்லூரி மாணவரும் இளைஞரும் வரிசையாக நின்று, வாளியைக் கை மாற்றிக் கை மாற்றி அந்தக் கசட்டை அகற்றினர்.

அவ்வாரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் நால்வர் என் அறை வாயிலில் வந்து நின்றனர். தாமும் எண்ணெய் அள்ளச் செல்ல வேண்டும், விடுப்பு வேண்டும் என்று கேட்டனர். பொதுத்தேர்வுக்கு ஒரு திங்களே இருந்தது. யான் மறுத்தேன். "ஐயா, எங்கள் வலை அந்தக் கரையில்தான் கிடக்கிறது" என்றான் ஒருவன். "படித்து உயர்ந்த பின் ஊருக்கு உழைக்கலாம், இப்போது வகுப்புக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது கடமையைச் செய்த சொல் என்றே அன்று எண்ணினேன்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சென்றனர். திங்கட்கிழமை காலையில், நகக் கண்களில் கருமை நீங்காத கைகளோடு வணக்கம் செய்தனர். கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அப்போது அந்த மீனவர் மகன் ஓர் ஏட்டை நீட்டினான். காலை எத்தனை மணிக்குத் தொடங்கினர், எந்தப் பாறை அருகே எத்தனை வாளி அள்ளினர், காற்று எத்திசையினின்று வீசிற்று, கையுறை இல்லாமல் நின்றவர் எத்தனை பேர், செத்து ஒதுங்கியவை எவை என்பனவெல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. அறிவியற் செய்முறை ஏட்டில் எப்படி எழுத வேண்டுமென்று நாங்கள் கற்பித்தோமோ அப்படியே எழுதியிருந்தான். பின்னர் ஒரு வினாக் கேட்டான்: "இதை யாரிடம் கொடுக்க வேண்டும், ஐயா?"

என்னிடம் விடை இல்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆற்றையும் கடலையும் காற்றையும் கற்பித்த எனக்கு, ஒரு மாணவன் கண்ணால் கண்டு எழுதிய உண்மை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரியவில்லை. "வைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன். அன்று சொல்லாத விடையையே இன்று சொல்ல முயல்கிறேன்.

கப்பல் எண்ணெய்க்கும் உலகின் தட்பவெப்ப மாறுதலுக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் கேட்கலாம். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கரியமிலவாயு எழுகிறது. ஆலைத்தொழில் பெருகுமுன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அது நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. காற்று ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆதலின் பெய்யும் மழை பெருமழையாகப் பெய்கிறது. கடல்நீர் சூடேறி விரிகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல்மட்டம் உயர்கிறது. எந்த ஒரு புயலையும் சுட்டி, இது முற்றிலும் இதனால் விளைந்ததே என்று அறிவியலார் சொல்லமாட்டார். ஆனால் இத்தகைய பெருமழைகள் மிகுமென்பதை அவர்கள் ஐயமறக் கூறுகின்றனர்.

எண்ணூருக்கு அதன் பொருள் என்ன என்பது 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தெரிந்தது. மிக்சாம் புயலின் மழை வெள்ளம் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவைச் சுமந்துகொண்டு, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துள் புகுந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெய் படிந்து தவித்தன. ஆறாண்டுகளுக்குப் பின்னும் மக்கள் கையாலேயே எண்ணெய் அள்ளினர். அத்திங்களிலேயே, 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். புகையை உமிழும் ஆலையும், அப்புகையால் மிகும் வெள்ளமும், அவ்வெள்ளம் சுமந்து வரும் நஞ்சும் ஒரே ஊரில் கூடினால், முதலில் துன்புறுவோர் அவ்வூர் எளியோரே.

இக்கரைக்கு இத்தகைய இழப்பு புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. நம் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்வன. அச்சுவர்கள் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. மணல் வாராத வடக்கே இராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டது. ஒரு பக்கத்தின் உலாவிடம் மற்றொரு பக்கத்தின் வீடுகளைக் கொண்டு அமைந்தது என்று சொன்னால் மிகையாகாது. புவியியல் வகுப்பில் இதனை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இது நீதி பற்றிய பாடமும் ஆகும் என்பதை மட்டும் சொல்லத் தவறினேன்.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அந்த ஏட்டைப் பற்றி வகுப்பில் பேச்செழுந்தபோது வேறொரு மாணவன் எழுந்தான். அவன் தந்தை அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலி. "நிலையங்களை மூடிவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதே" என்றான். வகுப்பு அமைதியாயிற்று. அவன் கூறியதும் உண்மை. அவ்வாண்டு மார்ச்சிலேயே, 1970 முதல் இயங்கிவந்த எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. யான் பேசுவதை நீங்கள் கேட்பதும் மின்னாற்றலால்தான், அதில் நிலக்கரியின் பங்கு பெரிது. ஆகவே, நன்மை நகர் முழுமைக்கும், சாம்பல் எண்ணூருக்கு மட்டும் என்பது தகுமா என்று கேட்கவேண்டும். பழைய தொழில் மறையுங்கால் அதில் உழைத்தவனுக்குப் புதிய தொழில் யார் தருவது என்றும் உடன் கேட்கவேண்டும். மீனவர் மகனும் கூலியாளின் மகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்து கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

இனி அந்த மாணவனின் வினாவுக்கு வருவோம். கண்டதை யாரிடம் கொடுப்பது? முதலாவது, கேட்டறியும் உரிமை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, குடிமகன் எவனும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகத்திடம் ஆவணம் கேட்கலாம். இரண்டாவது, முறையிடும் வழி. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் மனு வாங்குகிறார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசத்தலையாற்றை மேடாக்கியது பற்றி மீனவர் தொடுத்த வழக்கில், கழிமுகத்தைச் சீர்படுத்துமாறு அத்தீர்ப்பாயம் 2022இல் ஆணையிட்டது. கண்டதைக் கண்டவாறு நாள் குறித்து எழுதிவைத்த குறிப்புக்கு மன்றத்தில் மதிப்புண்டு.

மூன்றாவது, மொழி. 2020இல் நடுவணரசு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய புதிய விதிகளின் வரைவை வெளியிட்டது. அதனை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் ஆணையிட்டது. நாடெங்கும் இளைஞர் அதனைப் படித்தும் பிறர்க்கு விளக்கியும் இலட்சக்கணக்கில் கருத்துக் கடிதங்கள் செல்லத் துணை நின்றனர். சென்னையிலும் இளைஞர் குழுக்கள் இப்பணியில் ஈடுபட்டன. தமிழ் கற்ற மாணவன் தன் தெருவினர்க்குச் செய்யக்கூடிய தொண்டு இது. அலுவலகத்தின் கடின நடையை அம்மையும் அத்தையும் அறியும் சொல்லில் எடுத்துரைத்தல் வேண்டும். புறம்போக்கு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு உட்படாது, ஊர்ப் பொதுவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். இன்று அது வசைச்சொல் ஆகிவிட்டது. 2017 பொங்கலை ஒட்டி டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல், அச்சொல்லின் பழம்பொருளைப் பல இளைஞர்க்கு நினைவூட்டிற்று.

நான்காவது, செய்துகாட்டல். திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்போரின் கரிப்பெட்டிக்கு மாற்றாகக் கதிரவன் ஒளியால் இயங்கும் வண்டியை அமைத்து, 2021இல் கிளாஸ்கோ நகரில் உலகத் தலைவர்முன் பேசினார். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைக் காத்துவருகின்றனர். மணலின் வெப்பத்தைப் பொறுத்தே ஆமைக்குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் அமையும். வெப்பம் மிகுந்தால் பெண்குஞ்சுகளே பெருகும். ஒருவர் போக ஒருவர் வர, பல தலைமுறை மாணவர் அப்பணியை விடாது செய்கின்றனர். ஆர்வம் ஒருநாள் வரும், ஒழுங்கே நெடுநாள் நிற்கும்.

ஒன்றை வற்புறுத்துவேன். விடுப்பு மறுத்ததில் யான் முற்றும் தவறினேன் என்று இன்றும் சொல்லமாட்டேன். கையுறையும் காலணியும் இன்றிக் கப்பல் எண்ணெயைத் தொடுதல் உடலுக்குக் கேடு. பொறிகளும் பொறுப்புள்ளோரும் செய்யவேண்டிய வேலையைச் சிறுவர் கையால் செய்வது நாட்டுக்குப் பெருமையன்று. என் தவறு வேறு. அவர்களுடன் சென்று கையுறைக்காக வாதாடவேண்டியவன், அறையிலே அமர்ந்திருந்தேன். இளைஞரை முன்னே நிறுத்திப் பாராட்டிவிட்டுப் பெரியோர் விலகிக்கொள்வது தலைமையை அளிப்பதாகாது, சுமையை இறக்கிவைப்பதாகும்.

பழவேற்காட்டு ஏரியில் மீனவரிடையே பாடு என்றொரு வழக்கமுண்டு. ஏரியின் நல்ல இடங்கள் ஒருவர்க்கே உரியன அல்ல. முறை வைத்து, இன்று ஒருவர், நாளை மற்றொருவர் என வலை இடுவர். தன் முறை முடிந்தவன் அடுத்தவனுக்கு இடம் விடவேண்டும். மழையின் சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வைத்த வள்ளுவரின் நாட்டில், எழுத்தறியாத மீனவரும் காத்துவந்த அறம் இது. எங்கள் தலைமுறை தன் முறை முடிந்த பின்னும் வலையை எடுக்கவில்லை. உங்கள் பாடு வந்துவிட்டது. கேட்டுப் பெறுங்கள். உங்களுக்குப் பின் வருவோர்க்கும் ஒரு பாடு உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

அந்த ஏடு இன்னும் அவனிடம் இருக்குமென்று நம்புகிறேன். இதனை அவன் கேட்டுக்கொண்டிருந்தால், என் விடை இதுதான்: தம்பி, முதலில் உன் ஊர்க்காரரிடம் படித்துக் காட்டு. பின்னர் அவர்களையும் அழைத்துக்கொண்டு ஆட்சியரிடம் போ. போகும்போது எனக்கும் சொல்லியனுப்பு, யானும் வருகிறேன்.