மூல ஏடும் படியெடுப்பும்



மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், நகரத்துக்குச் சிறிது வடக்கே, அலுவிகாரை என்னும் பழைய குகைக்கோயில் உள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை துறவியரின் நாவிலும் நினைவிலும் மட்டுமே வாழ்ந்துவந்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பெற்றது இவ்விடத்திலே என்பது மரபு. போரும் பஞ்சமும் சூழ்ந்த அந்நாளில், மனனஞ் செய்தோர் மறைந்தால் நூலும் மறைந்துவிடுமே என்ற அச்சம் எழுதத் தூண்டிற்று. அங்கிருந்த ஏட்டுத் தொகுதி 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிவுற்றது. நூலோ அழியவில்லை. அதன் படிகள் கடல் கடந்தும் பரவியிருந்தன.

மாறலாகாத நூலுக்குப் படிகள் காவலாகும். மாறவேண்டிய கணக்குக்கோ அப்படிகளே பகையாகின்றன. இவ்வேறுபாட்டை உணராமையால் வாணிக நிலையங்களின் கணினிக் கூடங்களில் விளையும் தொல்லை சிறிதன்று.

மாத்தளை மாவட்டத்தில் மிளகும் கொக்கோவும் கராம்பும் வாங்கி விற்கும் நிலையம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்க. அதன் கணக்குகள் நடுத்தர அளவுக் கணினி ஒன்றில் நடைபெறுகின்றன. 1988ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஏ.எஸ்./400 இவ்வகையிற் பெயர் பெற்றது. அதன் வழிவந்த பொறிகள் வேறு பெயருடன் இன்றும் உலகின் பல நாடுகளில் உழைக்கின்றன. அவற்றிற்குரிய செய்நிரல்களிற் பெரும்பகுதி ஆர்.பி.ஜி. என்னும் மொழியில் எழுதப்பட்டவை. 1959ஆம் ஆண்டிலே, துளை அட்டைகளிலிருந்து அறிக்கை தயாரிப்பதற்காகத் தோன்றிய மொழி அது. கணினியுலகில் இதனினும் நீண்ட ஆயுள் பெற்ற மொழிகள் மிகச் சிலவே.

இந்நிலையத்தில் சிட்டை எழுத ஒரு நிரல், கடனுக்கு விற்றதைக் குறிக்க ஒரு நிரல், திரும்பி வந்த சரக்கைக் கழிக்க ஒரு நிரல், மாத அறிக்கைக்கு ஒரு நிரல் என்று பல இருக்கும். ஒவ்வொன்றும் பெறுமதி சேர் வரியைக் கணிக்கவேண்டும். முதல் நிரலை எழுதியவர் வரிக் கணக்கைப் பத்து வரிகளில் எழுதினார். அடுத்தவர் அவ்வரிகளை அப்படியே படியெடுத்தார். படியெடுப்பது எளிது, அன்றைய பொழுதுக்கு அதனாற் குறையும் தோன்றாது.

குறை தோன்றியது வரி மாறியபோது. இலங்கையில் இவ்வரி 2019 டிசெம்பர் 1ஆந் திகதி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூன் 1இல் 12 ஆயிற்று. அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் மீண்டும் 15 ஆயிற்று. 2024 ஜனவரி 1இல் 18 ஆயிற்று. நாற்பது நிரல்களில் நாற்பது படிகள் இருந்தால், ஒவ்வொரு முறையும் நாற்பதையும் தேடித் திருத்தவேண்டும். முப்பத்தொன்பதைத் திருத்தி ஒன்றை மறந்தால், அவ்வொன்று ஓசையின்றித் தவறான சிட்டையை எழுதிக்கொண்டேயிருக்கும். தவற்றின் பொருட்டுப் பணம் இழப்பவர் கடைக்கு வந்தவராகவும் இருக்கலாம், நிலையத்தாராகவும் இருக்கலாம். பழைய ஏடுகளைப் பதிப்பித்தோர் இத்துன்பத்தை நன்கறிவர். 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் படிகளை ஒப்புநோக்கிப் பட்ட பாடு சிறிதோ!

இதற்கு மருந்து கணினியுலகிற் புதிதன்று. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினிக்கு, அடிக்கடி வேண்டப்படும் கணக்குகளைத் தனித்தனித் துளை நாடாக்களில் எழுதி, ஒரு பேழையில் அடுக்கி வைத்தனர். வேண்டியவர் எடுத்துப் பயன்படுத்தினர். நிரல் நூலகம் என்னும் சொல் அங்ஙனம் பொருள் பெற்றது. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் இதனை விளக்கி 1951இல் நூலொன்றும் வெளியிட்டனர். 1994ஆம் ஆண்டளவில் ஆர்.பி.ஜி. மொழி புத்துருப் பெற்றபோது, ஏ.எஸ்./400இல் எழுதுவோரும் சேவை நிரல் என்னும் பொது ஏட்டை ஆக்க வழி பிறந்தது. வரிக்கணக்கு அவ்வேட்டில் ஓரிடத்திலே இருக்கும். நாற்பது நிரல்களும் அதனை அழைத்து விடை பெறும். திருத்தவேண்டியது ஒன்றே.

ஆயினும், பொது ஏட்டை எழுதுவோர் கேள்வியைச் சரியாக அமைக்கவேண்டும். “வீதம் என்ன?” என்று கேட்டால் இன்றைய வீதமே வரும். 2022 ஓகஸ்டில் விற்ற மிளகு செப்டெம்பரில் திரும்பி வந்தால், கழிக்கவேண்டியது 12 வீதமன்றோ? ஆகவே “இந்தத் திகதிக்குரிய வீதம் என்ன?” என்று கேட்கும்படி அமைப்பதே முறை.

மற்றோர் எடுத்துக்காட்டு தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016இல் பன்னிரண்டு எண்கள் கொண்ட புதிய இலக்கம் வந்தது. பழையதும் செல்லுபடியாகும் ஆதலால் இரண்டையும் ஏற்கவேண்டும். பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அவ்விலக்கத்திலேயே அடங்கியுள்ளன. பெண்களுக்கு நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று கொண்டே நாள் எண்ணப்படும். இதனை அறியாதவர் எழுதிய நிரல், மார்ச்சிலும் அதன் பின்னும் பிறந்தோர் பலருக்கு ஒரு நாள் பிழையான பிறந்த திகதியைக் காட்டும். தோட்டத் தொழிலாளி ஒருவர் ஊழியர் சேமலாப நிதியை மீளப்பெறும் வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 ஆதலால், அவரது வாழ்நாட் சேமிப்பைத் தொடும் கணக்கு இது. இத்தகைய நுட்பத்தை ஒருவர் கண்டறிந்து ஓரிடத்தில் எழுதிவைத்தால், பின்வருவோர் அனைவரும் அதன் பயனைப் பெறுவர்.

பொது ஏட்டுக்கும் தனக்கே உரிய இடர்கள் உண்டு. அதிலுள்ள பிழை எல்லா நிரல்களிலும் ஒரே நாளில் தோன்றும். 2016 மார்ச்சில், இணையத்திற் பொதுவாக வழங்கிவந்த பதினொரு வரி நிரற்றுண்டு ஒன்றை ஆக்கியவர் அதனை நீக்கிவிடவே, அதனை நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களை ஆக்கும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. நடுத்தரக் கணினிகளில் இதற்கு ஒரு காவல் வைத்துள்ளனர். சேவை நிரல் தான் வழங்கும் கணக்குகளின் பட்டியலுக்குரிய அடையாள முத்திரை ஒன்றைத் தாங்கும். அழைக்கும் நிரல் அறிந்த முத்திரை அங்கில்லையேல், பொறி தவறான விடை தராது நின்றுவிடும். நிற்பது தொல்லையே; ஆயினும் பிழையான சிட்டை எழுதுவதினும் நன்று. பட்டியலில் ஒவ்வொரு கணக்கும் அதன் வரிசை இடத்தாலேயே அறியப்படுதலின், புதியதை நடுவிற் செருகாது இறுதியிற் சேர்த்துப் பழைய முத்திரையையும் உடன்வைத்துப் பேணினால், பழைய நிரல்களும் புதிய நிரல்களும் ஒருங்கே இயங்கும். முத்திரையே சோதிக்கவேண்டாம் என்று அக்காவலை அகற்றிவிடுவோரும் உளர். அவர்களுக்கு வரியைக் கேட்டால் வட்டி விடையாக வரக்கூடும்.

இவற்றிலும் கடினமானது ஏட்டைக் காப்பவர் யார் என்னும் வினா. எல்லோருக்கும் பொதுவானது எவருக்கும் உரியதன்று என்னும் நிலை அலுவலகங்களில் எளிதில் வந்துவிடும். சிறு நிலையமாயினும் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கி, அவர் அறியாது பொது ஏட்டில் எவரும் கைவைக்காதபடி விதித்தல் வேண்டும். அவரும் தம் திருத்தத்தை உடனே பயனுக்கு விடலாகாது. 2022 ஓகஸ்ட் 31ஆந் திகதிச் சிட்டை ஒன்றையும், செப்டெம்பர் 1ஆந் திகதிச் சிட்டை ஒன்றையும் கொடுத்து, முன்னதற்கு 12 வீதமும் பின்னதற்கு 15 வீதமும் வருகின்றனவா என்று பார்த்த பின்னரே, பழைய ஏட்டை எடுத்துப் புதியதை அதன் இடத்தில் வைக்கவேண்டும்.